கோஸ்த்தில் ஆரைக் கேட்கிறது?

12 ஒக்டோபர் 2024, சனி. வுப்பர்டால், ஜேர்மனி

ஆதிரை விடியவே தொடங்கிவிட்டாள். நரேஷைத்தான் கட்டுவாளாம். பெடியன் பிறந்தது கொலோனில், தாய் தகப்பன் ஆப்கானிஸ்தான், கோஸ்த் மாகாணம்.

"ஆக்கள் ஆரெண்டு கேட்டனியோ?"

"இந்துக்கள் அம்மா. நீங்கள் கும்பிடுற பிள்ளையாரைத்தான் அவையளும் கும்பிடினம்."

"நான் பிள்ளையாரை விசாரிக்கேல்லை. குடும்பத்தை விசாரிக்கிறன்."

கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். என்னைக் கட்டிக் கொடுக்குமுன் என்னைப் பெற்ற ஐயா பலசரக்குக் கடைக்காரரையும் தபால்காரரையும்கூட விசாரித்தவர். மாப்பிள்ளை வீட்டுக்கு மட்டும் தெரியாது. அப்படித்தானே விசாரிக்கிறது? கோஸ்த்தில் நான் யாரைக் கேட்பேன்?

13 ஒக்டோபர்

இணையத்தில் தேடினேன். ஏழு லட்சம் சனம் வரும் போல. கிட்டத்தட்ட எல்லோரும் பஷ்தூன்கள். அதற்குள்ளும் சத்ரான், மங்கல் என்று எத்தனை குலங்கள்! சிரிப்பு வந்தது, எங்களிடம் இல்லாததா. கடைசியில் ஒரே வரி: சீக்கியர், இந்துக்கள் சிலர். அந்தச் சிலரில் ஒருத்தன்தான் என் மகளைக் கேட்டு நிற்கிறான்.

15 ஒக்டோபர்

ஆதிரை என்னோடு கதையில்லை. வருகிறாள், சாப்பிடாமல் போகிறாள். மனுசன் போனபிறகு எனக்கு இருக்கிறது ஒரு பிள்ளை. இவளும் இப்படிப் போய்விடுவாளோ?

17 ஒக்டோபர், வியாழன்

வசீர் குல்லை எப்படி மறந்தேன்! கோஸ்த்துப் பஷ்தூன். எண்பத்தொன்பதில் நாங்கள் இருந்த ஹைமில், அகதிகள் விடுதியில், பக்கத்து அறை. மாடிக்கு ஒரு சமையலறைதான். என் மனுசன் மீன்குழம்பு வைத்தால் வசீர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறப்பார். ஒரு மாதம் போக, தட்டோடு வந்து முதல் ஆளாய் நிற்பார். பனிக்காலத்தில் அந்த அடுப்பைச் சுற்றி நின்றுதான் டொச் மொழி பாடமாக்கினோம். விசா இல்லை, எந்த நேரமும் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். ஆனாலும் அப்படி வயிறு நோகச் சிரித்த காலம் பிறகு வரவில்லை. சொந்த வீடு வந்தது, மூன்று அறை வந்தது, அந்தச் சமையலறை வரவில்லை.

இவர் இருந்திருந்தால், "வெளிக்கிடும், வசீரிட்டைப் போவம்" என்றிருப்பார். இவர் போய்ச் சேர்ந்து ஆறு வருடம்.

19 ஒக்டோபர், சனி

எல்பர்பெல்டில் இருக்கும் வசீரின் மரக்கறிக் கடைக்குப் போனேன். தாடி முழுக்க நரை. வெறுங்கையோடு போகலாமா? பயற்றம் பணியாரம் சுட்டுக் கொண்டுபோனேன்.

விஷயத்தைச் சொல்லி, நரேஷின் தகப்பனுடைய தகப்பன் பெயரைச் சொன்னதும் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "ஈஷ்வர்தாஸோ? சந்தையில துணிக்கடை. எங்கட வீட்டுக் கலியாணத் துணியெல்லாம் அங்கதான். சண்டைக்கை அவையள் வெளிக்கிட்ட அண்டைக்குச் சந்தையில பாதிக் கடை திறக்கேல்லை, தங்கச்சி."

எனக்கும் கண் கலங்கிவிட்டது.

"ஒருக்கா அவையளைப் போய்ப் பாருங்கோ அண்ணை" என்று பணியார டப்பாவை நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு வைத்தார். பணியாரத்துக்கு இவ்வளவு மரியாதையா என்று நினைத்தேன்.

20 ஒக்டோபர்

முருகா. பணியாரம் கொலோனுக்குப் போய்விட்டது.

21 ஒக்டோபர், திங்கள்

அவர்கள் நாட்டில் பெண் வீட்டு இனிப்புப் போனால் சம்மதம் என்று அர்த்தமாம். வசீர் தலைப்பாகை கட்டி, இரண்டு பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போய் நரேஷ் வீட்டில் டப்பாவைக் கொடுத்திருக்கிறார். அவருக்கென்று நான் கொண்டுபோன பணியாரம்! விசாரிக்கப் போன மனுசன் கலியாணத்தையே முடித்துவிட்டு வந்திருக்கிறார்.

ஆதிரை என்னைக் கட்டிப்பிடித்து அழுகிறாள். "ஏனம்மா எனக்குச் சொல்லேல்லை?" என்னத்தைச் சொல்ல?

வசீருக்குப் போன் எடுத்துக் கத்தினேன். "விசாரிக்கத்தானே அனுப்பினனான்!"

"நல்ல குடும்பம் இல்லாட்டி அந்த இனிப்பைத் தூக்கியிருப்பனோ, தங்கச்சி? வேண்டாமெண்டால் சொல்லுங்கோ, நானே போய்த் திருப்பி வாங்கிறன். வெட்கம் எனக்குத்தான், உங்களுக்கில்லை."

நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அந்தாளைப் போய்த் தலை குனிந்து நிற்கச் சொல்வதா? ஆதிரையின் முகத்தை என்ன செய்வது?

22 ஒக்டோபர்

நரேஷின் தாய் எடுத்தா. டொச்சில் கதைத்தோம். கோஸ்த்தில் தன் அக்காவின் சம்பந்தத்துக்கும் பஷ்தூன் அயலவர்கள்தான் இனிப்புத் தூக்கி வந்தார்களாம்.

"ஞாயிற்றுக்கிழமை வசீர் வாசலில நிக்க, எங்கட ஊரே வந்து நிக்குது எண்டு நினைச்சன். அங்க இப்ப எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லை." பிறகு, "உங்கட பணியாரம் கல்லு மாதிரி இருக்கு. எப்பிடிச் சாப்பிடுறது?" என்றா.

சிரித்துவிட்டேன். பொய் சொல்லாத மனுசி.

வசீருக்கு எடுத்து, "இருக்கட்டும் அண்ணை" என்றேன்.

9 நவம்பர், சனி

என் மனுசனின் தங்கை கலாதேவி கனடாவிலிருந்து எடுத்தாள். அதற்குள் கதை அங்கே போய்விட்டது.

"மாப்பிள்ளை பகுதி தெரிஞ்ச ஆக்களோ மச்சாள்?"

"ஓம். எங்கட வசீர் அண்ணை பொருத்தின சம்பந்தம்."

"எந்த ஊர்?"

"கோஸ்த்."

"அது யாழ்ப்பாணத்தில வடமராட்சிப் பக்கமோ?"

"கொஞ்சம் அங்கால" என்றேன்.