அம்மா பார்த்து வாங்கிய உப்பு

செவ்வாய்க்கிழமை, இரவு

அப்பா இன்னும் ஐசியூவில்தான் இருக்கிறார். கிட்னி கெட்டவருக்கு உப்பு ஆகாது என்று, அம்மா சோடியம் குறைந்த உப்பாகப் பார்த்து வாங்கியிருந்தாள். இன்று அந்தப் பாக்கெட்டை, இந்த ஊர் ஆஸ்பத்திரியில் தமிழ் பேசும் ஒரே டாக்டரம்மாவிடம் காட்டினேன். அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் கலந்திருக்கிறதாம்.

"ரெண்டும் உப்புதானே?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"நாக்குக்குத்தாம்மா ஒண்ணு. உடம்புல ஒவ்வொரு செல்லோட சவ்வுலயும் பம்ப் இருக்கு. அது உள்பக்கம் திறக்கும்போது அதோட குழியில சோடியம்தான் பொருந்தும். அதை வெளியே தள்ளிடும். வெளிப்பக்கம் திறக்கும்போது குழி உருமாறி, பொட்டாசியத்தைப் பிடிச்சு உள்ளே இழுக்கும். மிஞ்சின பொட்டாசியத்தைக் கிட்னிதான் வெளியேத்தணும். அப்பாவுக்கு அது முடியலையே. ரத்தத்துல ஏறி இதயத்தைத் தடுமாற வைக்குது."

நாங்கள் மூன்று பேரும் அந்த உப்பில்தான் சாப்பிட்டோம். எனக்கு வித்தியாசமே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள். "டாக்டர் என்னட்டி சொன்னாவ? நான் உப்பு பாத்துத்தானே போட்டேன்?"

"ஆமாம்மா" என்றேன்.

அப்பா கண் விழித்தால் கொடுக்கக் கஞ்சி கொண்டுபோக வேண்டுமாம். அடுப்படியில் அந்தப் பாக்கெட்டைத் தேடிக்கொண்டிருக்கிறாள். அது என் தலையணைக்கு அடியில் இருக்கிறது.