மலேசியாவில் திறப்பவர்கள்

ஆம்பூர், 2004

தோஸ்த் ஷபீ,

லினக்ஸ் கம்ப்யூட்டர் திரையில் வரும் ஆங்கில வரிகளை நாம் இருவரும் தமிழாக்கத் தொடங்கினோமே, அதன் புதிய பதிப்பு நேற்று வந்துவிட்டது. நீ விட்டுப்போன எண்ணூறு வரிகளை ஷூ கம்பெனி வேலைக்குப் பிறகு ஒற்றை ஆளாக முடித்தேன். கண் எரிகிறது.

நீ பெங்களூர் வேலைக்குக் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டில், "இனிமே உனக்கு இதெல்லாம் இன்னாத்துக்கு, போடா" என்றேன். நீ பஸ் ஏறினாய். மூன்று வருடமாகிறது.

இந்த மொழிபெயர்ப்பை யார் வேண்டுமானாலும் திருத்தலாம் அல்லவா. மொழிபெயர்த்தவர்கள் பட்டியலில் உன் பெயரை அழிக்க இரண்டு முறை உட்கார்ந்தேன். மனசு வரவில்லை. என் பெயருக்கு மேலேயே இருக்கிறது.

மலேசியாவிலும் கனடாவிலும் அந்தப் பட்டியலைத் திறப்பவர்கள், நாம் இன்னும் பேசிக்கொள்கிறோம் என்று நினைப்பார்கள்.

இப்படிக்கு,
பட்டியலில் உனக்குக் கீழே இருப்பவன்