அண்ணையின் சுவரும் என் கோரையும்

மார்ச் 28, சனி
தூறல். வீட்டுக்குப் பின்னால் வளவில் நின்று பார்த்தேன். பக்கத்து வீட்டில் அண்ணை எழுப்பிய இரண்டு மாடி எக்ஸ்டென்ஷன் வெயிலை முழுக்க விழுங்கிவிட்டது. போன கோடையில் என் மிளகாய் ஒரு காய்கூடக் காய்க்கவில்லை. கட்டுவதற்கு முதல், ஆட்சேபணை உண்டா என்று கவுன்சில் எனக்கும் கடிதம் போட்டது. கூடப்பிறந்தவரைப் பற்றி எழுதினால் சனம் காறித் துப்பும். எழுதவில்லை. அவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மார்ச் 29, ஞாயிறு
நர்சரி. நிழலில் வருஷா வருஷம் தளிர்க்கும் புல்வகை.
ஹக்கோனே: வாழைக்குருத்து நிறம், கொள்ளை அழகு. ஈரம் வேண்டுமாம். சுவரடி மண் காய்ந்த மண்.
மொண்டோ: கறுப்பு. செத்தவீட்டுக் களை. வேண்டாம்.
லிரியோப்பே: ஊதாப்பூ. நத்தைக்குச் சாப்பாடு.
கேரக்ஸ்: காய்ந்த நிழலிலும் நிற்கும், பனிக்கும் பச்சை. வெள்ளைக் கோடு போட்டது விற்று முடிந்துவிட்டது, மிச்சம் வெறும் பச்சைதான். அச்சு அசல் கோரை. ஊரில் பிடுங்கி எறிந்ததை இங்கே சட்டியோடு வாங்குகிறேன்! வாங்கினேன். பின்னேரமே நட்டேன். இடுப்பு விட்டுப்போச்சு.

ஏப்ரல் 11, சனி
புதுத் தளிர். சுவரடியில் பச்சை. தேத்தண்ணியை வெளியிலேயே குடித்தேன். சந்தோஷம், உண்மையாகவே.

ஏப்ரல் 13, திங்கள்
ஷிப்ட் முடிந்து வந்தால், வளவுக்குள் அண்ணை. மண்வெட்டி, வேர்வை, கட்டின சாக்கு.
"கோரை மண்டிப்போய்க் கிடந்தது, தங்கச்சி. நாளைக்கு வருஷப்பிறப்பெல்லே? கிழங்கோடை கிளறிக் கொத்திப்போட்டன்."
"அது நான் வாங்கி நட்டது, அண்ணை."
"கோரையையோ?" சிரித்தார். வேலிக்கு அந்தப் பக்கம் அண்ணியைக் கூப்பிட்டுச் சொன்னார். அவரும் சிரித்தார். "பேசாமல் சீமெந்து போடு. இதிலை ஒண்டும் வராது."
சாக்கை அவிழ்த்துப் பார்த்தேன். எல்லாம் துண்டு துண்டு. அழுகை வந்தது. புல்லுக்கு அழுகிற வயதா.

ஏப்ரல் 14, செவ்வாய்
நல்ல வெயில், அவர்கள் பக்கம். வருஷத்துக்கு மூத்தவர் கையால் தரும் காசு, கைவிசேஷம், வாங்கப் போனேன். போகாவிட்டால் கதை வரும். எக்ஸ்டென்ஷன் ஜன்னலோரம் வரிசையாகச் சட்டிகள். மிளகாய். இப்போதே மொட்டு.
"இஞ்சை வெயில் அந்தமாதிரி, தங்கச்சி. உனக்கும் ஒரு மிளகாய்க் கண்டு தாறன்."
"எங்கை வைக்க, அண்ணை?"
கேட்டுவிட்டேன். அண்ணி அடுப்பைப் பார்க்கப் போனார். அண்ணை கைவிசேஷத்தை வெற்றிலையில் வைத்து நீட்டினார்.
நான் கை நீட்டவில்லை.