பத்து வருடம் இல்லாத வரலாறு

3 மார்ச் 2025
ஹோல்ட்ஸ்மான் மருந்து நிறுவனத்தின் நூற்றைம்பது ஆண்டு வரலாற்றுப் புத்தகம் என் தலையில். பரமட்டா கிளையில் ஜேர்மன் படித்தவள் நான் மட்டும். என் ஒப்பந்தம் மே மாதத்தோடு முடிகிறது. இதை நன்றாகச் செய்தால் நிரந்தரமாக்குவார்களாம்.

11 மார்ச்
ஜேர்மன் தலைமையகம் அனுப்பிய கோப்பில் 1943ஆம் ஆண்டுப் பட்டியல் ஒன்று. போலந்திலிருந்து பிடித்து வந்து தொழிற்சாலையில் வேலை வாங்கிய பெண்கள். பெயர் இல்லை, இலக்கங்கள். முப்பது பேருக்குப் புது மாத்திரை கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒன்பது இலக்கங்கள் அடிக்கப்பட்டு, ஓரத்தில்: "மாற்று ஆள் தேவை."
சாப்பிட முடியவில்லை.

20 மார்ச்
அந்தப் பெண்களைப் பற்றி நான் எழுதியது ஒரு பக்கம். மேலாளர் கிரெய்க் திருத்தியதில் ஒரு பத்தி. இன்று இரண்டு சொல் – "கடினமான ஆண்டுகள்." யாருக்கு?
கூட்டத்தில் கேட்க நினைத்தேன். வழக்கம்போல வாய் திறக்கவில்லை.

26 மார்ச்
அந்த இரண்டு சொல்லும் போய்விட்டன. 1938க்கு அடுத்தது 1949. கணினியில் ஒப்புதல் பொத்தானை நான் அழுத்த வேண்டும். பக்கத்து மேசை சந்திரகலா அக்கா: "எண்பது வருஷம் முன்னாடி செத்தவங்களுக்கு இப்ப வக்கீலா நீ? அழுத்திட்டு வாம்மா, காப்பி ஆறுது."
அழுத்தினேன். சீ.

9 மே
வேலை நிரந்தரம். ஆறு மாதம் தகுதிகாண் காலம். மாத்திரை வடிவத்தில் கேக் வெட்டினார்கள். நானும் தின்றேன்.

10 மே
வீட்டின் முதல் பட்டதாரி நான், அச்சாகி வந்த புத்தகத்தில் பெயர் வேறு. அப்பா ஷோகேசில் வைக்கமுன் வாசித்தார்.
"பிள்ளை, இதில பத்து வருசத்தைக் காணேல்லை. அச்சடிக்கேக்க விட்டிட்டாங்களோ?"
எல்லாம் சொன்னேன்.
"அந்தப் பெண்டுகளுக்குப் பேரே இல்லையோ?"
"இலக்கம்தான், அப்பா."
அகதியாகப் படகில் வந்து இறங்கியபோது, இங்கே தடுப்பு முகாமில் அவரையும் இரண்டு வருடம் படகு இலக்கத்தால்தான் கூப்பிட்டார்கள். அவர் அதைச் சொல்லவில்லை.
"உன்ர பேர் மட்டும் வடிவாக் கிடக்கு," என்றார்.

12 மே
கிரெய்க்கின் அறை. மறு அச்சில் அந்தப் பக்கத்தைப் போடுங்கள், இல்லையென்றால் என் பெயரை எடுங்கள் என்றேன். குரல் கீச்சிட்டது.
"நீ இன்னும் தகுதிகாண் காலத்தில் இருக்கிறாய், தெரியும்தானே?" சிரித்துக்கொண்டே கேட்டார்.
தெரியும் என்றேன்.

30 மே
மறு அச்சு வந்தது. அந்தப் பக்கம் இல்லை. என் பெயரும் இல்லை. வேலையும் இல்லை. சந்திரகலா அக்கா என் சாமான்களைப் பெட்டியில் அடுக்கித் தந்தார்.
வீட்டுக்கு, டூங்கபிக்கு, பின்னேரம் மூன்று மணிக்கு வரும் ரயில். இவ்வளவு காலியாக நான் பார்த்ததில்லை.