கீரையோடு வந்த ஊமத்தை

மூன்று தடவை சோப்புப் போட்டும் விரலில் அந்தப் பச்சை நாற்றம் போகவில்லை. காலையில் நான் பறித்த ஊமத்தை. உம்மிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லிப் பயப்பட?

நீர் போய்ச்சேர்ந்தபிறகு செம்பூரில் நம் இரண்டு வீட்டுக்கும் பின்னால் கிடக்கும் உமது தோட்டத்தை யாரும் தொடவில்லை. இந்த மழைக்கு என்னென்னவோ முளைத்துவிட்டது. பேத்திக்கு வாய்ப்புண். மணத்தக்காளிக் கீரை கடைந்து கொடுக்கலாம் என்று நானே இறங்கினேன். தாராவியில் முப்பது வருஷம் தோல் வியாபாரம் பார்த்தவன். கண்ணை மூடித் தடவியே ஆட்டுத்தோலா மாட்டுத்தோலா என்று சொல்கிறவன். இலை என்ன பெரிய சரக்கு என்ற திமிர்.

கீரையை ஆய்ந்த வேலைக்கார அம்மா அலறினாள்: "அரே சேட், யே தோ தோத்ரா ஹை!" தோத்ரா என்றால் ஊமத்தை; பாதிக்குப் பாதி அதுதான். பிள்ளையைக் கொல்லப் பார்த்தீர்களா என்று கேட்டாள். அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. பிள்ளை தட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாத்தையும் வழிச்சிட்டு சிமெண்ட் கல் போட்டுருவோம்பா" என்றான் மகன். சரி என்றுதான் மண்வெட்டியை எடுத்தேன். சுவரோரம் ஒரு செடி, மணத்தக்காளி மாதிரியே சின்னக் கறுத்த பழத்தோடு நின்றது. அதை வெட்டக் கை வரவில்லை. "காய்க்கட்டும்வே, அதுவே தன் பேரைச் சொல்லும்" என்பீர்.

எந்தச் செடியானாலும் முதல் பழம் உமக்குத்தான். கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசிவிட்டு அப்புறம்தான் என் பேத்தி கையில் கொடுப்பீர்.

"ஓய், சின்னப்பிள்ளைக்கு முந்தி உமக்கு நாக்கு ஊறுதோ?" என்பேன்.

"சாம்பிள் பாக்காம சரக்கு அனுப்புவானாவே வியாபாரி? ஊமத்தைன்னா முதல்ல நாக்கு வறண்டுபோவும், தெரியுமா?"

சிரித்தோம். இன்றைக்குத்தான் உறைக்கிறது: அந்த ஊர்க்கதையெல்லாம் நாக்கு வறளுகிறதா என்று காத்திருக்கத்தான்; அத்தனை செடியும் தெரிந்த உமக்கும் பயம் இருந்திருக்கிறது.

அந்த ஒன்றை விட்டு மற்ற எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டேன். நல்லதும் போயிருக்கும். போகட்டும். ஒரு பழத்தை வாயில் போட்டேன். இனிப்பு, அடியில் லேசான கசப்பு.

"தாத்தா, எனக்கு?"

"இரு தாயி."

மீதிப் பழத்தைக் கைக்குள் பொத்திக்கொண்டு படியில் உட்கார்ந்து அவளுக்கு உம் கதையைச் சொன்னேன். கதை முடிந்தும் கையை விரிக்கத் தைரியம் வரவில்லை. நாக்கால் உதட்டை ஈரப்படுத்திப் பார்த்துக்கொண்டு இன்னொரு கதை ஆரம்பித்தேன்.