பக்கத்து சீட்டுக்காரி

மார்ச் 4

சான்றிதழ் வந்து மூன்று நாளாகிறது. இன்றும் பீரோவைத் திறந்து ஒரு தடவை எடுத்துப் பார்த்தேன். என் பெயருக்குக் கீழே ‘விமானப் பயிற்சியாளர்’ என்று அச்சடித்திருக்கிறது. “அம்மா, நீ பாத்துப் பாத்தே எழுத்து அழிஞ்சிடப் போகுது” என்கிறாள் மகள். அழியட்டுமே. பதினான்கு வருஷம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் நாற்பத்தொரு வயதில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கப் போகிறேன். இதற்கும் தலைக்கனம் வரக் கூடாது என்றால் வேறு எதற்குத்தான் வரலாம்?

போகிறேன் என்று எழுதிவிட்டேன். வேலைதான் இன்னும் கிடைக்கவில்லை. ஆறு விமானப் பயிற்சிப் பள்ளிகளுக்கு எழுதிப் போட்டதில் நான்கிடமிருந்து மூச்சே இல்லை. டிரைவிங் ஸ்கூலிலோ மாதக் கடைசியோடு கிளம்புகிறேன் என்று சொல்லி, என் இடத்துக்கு ஆளும் வந்தாயிற்று.

மார்ச் 6

அந்த ஆறில் பெரிய பள்ளியில் நேர்முகம். கட்டடம் முழுக்கக் கண்ணாடி. வெளியே பத்தொன்பது விமானங்கள், கழுவிக் கவிழ்த்த தட்டுகள் மாதிரி வெள்ளை வெளேரென்று வரிசையாக நிற்கின்றன. மேலாளர் என் கையைக் குலுக்கியபடியே, “ஒன்றரை வருஷம் போதும். தேவையான மணிநேரம் சேந்துடும், பெரிய விமானத்துக்கே போயிடலாம்” என்றார்.

மணிநேரம்தான் இந்தத் தொழிலில் எல்லாமே. பறக்கிற ஒவ்வொரு நிமிடமும் நம் புத்தகத்தில் ஏறும். மாணவன் ஓட்டினாலும் பக்கத்து சீட்டில் இருக்கிற பயிற்சியாளருக்கும் அது ஏறும். ஆயிரக்கணக்கில் சேர்ந்தால்தான் பெரிய விமானக் கம்பெனிகள் திரும்பிப் பார்க்கும். அதனால் பாதிப் பேருக்குக் கற்றுக்கொடுப்பது வெறும் படிக்கட்டு.

“இந்த வருஷம் இங்கேருந்து எத்தனை பயிற்சியாளர்கள் போயிருக்காங்க சார்?” என்று கேட்டேன்.

“போனாங்கன்னா முன்னேறிட்டாங்கன்னு அர்த்தம் மேடம்.” எண்ணிக்கையைச் சொல்லவில்லை. நானும் விடாமல் இரண்டாம் தடவை கேட்டேன். தண்ணீர் வேண்டுமா என்றார்.

மார்ச் 9

வேலை கிடைத்துவிட்டது! பெரிய பள்ளியிலிருந்து கடிதம். இருபதாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

பேக்கரியில் மாவு பிசைகிற என் வீட்டுக்காரர் கேக்கோடு வந்தார். மேலே கிரீமில் விமானம் வரைந்திருந்தார். பார்த்தால் மீன் மாதிரி இருந்தது. “மீனுக்கு எதுக்குப்பா சக்கரம்?” என்று மகள் கேட்டதும் மூன்று பேரும் சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது.

எல்லாம் சரி. ஏன் உள்ளுக்குள் ஏதோ உறுத்துகிறது? எங்கள் டிரைவிங் ஸ்கூலில் சேரலாமா என்று யோசிக்கிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். வண்டியைப் பார்க்காதீர்கள், பாடம் முடிந்து இறங்குகிறவர் முகத்தைப் பாருங்கள். அங்கே இறங்குகிற முகம் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. மேலாளர் அறைக்கு ஜன்னல் மறுபக்கம்.

என்னை அங்கே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. வேறு முகம் அனுப்ப வேண்டும். யாரை அனுப்புவது என்று யோசித்தபோது எதிரில் ஒருவர் மீனின் வாலைத் தின்றுகொண்டிருந்தார்.

மார்ச் 12

பல்பு மாற்ற நாற்காலியில் ஏறினாலே சுவரைப் பிடித்துக்கொள்கிற மனுஷர். எனக்காகப் போய்வந்தார். முதல் முறை வருகிறவர்களுக்கென்று அரை மணி நேர அறிமுகப் பாடம் ஒன்று உண்டு. மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பயிற்சியாளனுக்கு இருபத்து மூன்று வயது இருக்குமாம். நல்ல பையன், மரியாதையாகத்தான் பேசினானாம். எந்தக் கம்பெனிக்குப் போகப் போகிறான் என்பதை வழி முழுக்கச் சொன்னானாம். இவர் கையைக் கடைசிவரை எதிலும் வைக்க விடவில்லை. கால் மணி நேரத்தில் இவருக்கு வயிற்றைப் புரட்டியிருக்கிறது.

“நான் ‘போதும் தம்பி, இறக்கிடுங்க’ன்னேன். அவன் கடிகாரத்தப் பாத்துட்டு, ‘இன்னும் பன்னெண்டு நிமிஷம் இருக்கு சார், முழுசா முடிச்சாதான் எனக்கு ஏறும், கண்ண மூடிக்கோங்க’ன்னான்.”

“அப்புறம்?”

“கண்ண மூடிக்கிட்டேன். பன்னெண்டு நிமிஷம்.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அனுப்பினது நான்தானே! கார்ல ஒருத்தங்க ‘போதும்’னா ஓரங்கட்டி நிறுத்திட்டுத்தான் மறுவார்த்தை. நடுரோடா இருந்தாலும் சரி. இது அடிப்படை இல்லையா? இவரு என்ன சுமையா, ஏத்திக்கிட்டுப் போய் இறக்கிவைக்க?

மார்ச் 13

மேலாளருக்குப் போன் செய்து, நடந்தது இன்னாருக்கு என்று சொல்லாமல் நடந்ததை மட்டும் சொன்னேன். சிரித்தார். “சின்னப் பசங்க மேடம், அவங்களுக்கும் மணிநேரம் சேரணும் இல்லையா? நீங்க வந்து பாருங்க, உங்களுக்கே புரியும்.”

அதுதான் பயமே. எனக்கும் புரிந்துவிட்டால்?

மார்ச் 15

இன்று நான் செய்த காரியத்தை எழுதவே கை கூசுகிறது. எழுதிவிடுகிறேன்.

பதில் போடாத நான்கில் ஒன்று, ஊருக்கு வெளியே உள்ள சின்னப் பள்ளி. ஒரு கொட்டகை, இரண்டு விமானம், ஒரு நாய். வீட்டுக்காரரைத் திரும்ப அனுப்ப மனசு வரவில்லை. நானே ஒன்றும் தெரியாதவள்போல அறிமுகப் பாடத்துக்குப் போனேன்.

உள்ளே நுழைந்ததும் கண்ணில் பட்டது சுவரில் தொங்கிய வெள்ளைப் பலகை. அந்த வாரத்தின் பாடங்கள் எல்லாம் அதில் இருந்தன. நாலு இடத்தில் ‘ரத்து’. பக்கத்திலேயே யார் ரத்து செய்தார்கள், ஏன் என்றும் எழுதியிருந்தது. ‘காற்று – பயிற்சியாளர்.’ ‘தூக்கம் போதவில்லை – மாணவர்.’ தூக்கம் போதவில்லை என்று ஒரு மாணவன் சொல்லி, அதை யாரோ மதித்துப் பலகையில் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது.

தலைமைப் பயிற்சியாளர் ஒரு பெண். என்னைவிட ஒன்பது, பத்து வயது சின்னவள். ஆள் குள்ளம், முதுகுக்கு ஒரு திண்டு வைத்துக்கொண்டுதான் உட்காருகிறாள். “வாங்க மேடம், பயமா இருந்தா எப்ப வேணா சொல்லுங்க, திரும்பிடலாம்” என்றாள். கேளாமலே சொன்னாள்.

நான் அசல் அசடாக நடித்தேன். இது என்ன, அது என்ன என்று கேட்டேன். ஓடுபாதையில் வேகம் எடுக்கும்போது என் பக்கத்து ஸ்டியரிங்கை என்னையும் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். முன்னால் விசிறி சுழலுகிற வேகத்தில் சின்ன விமானம் இடது பக்கம் இழுக்கும். வலது காலால் பெடலை அழுத்தித்தான் நேராக வைக்க முடியும். முதல் நாள் வருகிறவர்களுக்கு இது தெரியாது, காரில் மாதிரி கையால் திருப்பிப் பார்ப்பார்கள். நானும் மறக்காமல் திருப்பினேன். ஆனால் பாழாய்ப்போன கால்! கை நடித்துக்கொண்டிருக்க, கால் அதுபாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்துவிட்டது. மயிரிழை விலகாமல் நடுக்கோட்டிலேயே ஓடினோம்.

மேலே போனதும் அவள் என் காலைப் பார்த்தாள். பிறகு என் முகத்தை.

“எத்தனை மணிநேரம் பறந்திருக்கீங்க மேடம்?”

குட்டு உடைந்தது. சொன்னேன், எல்லாவற்றையும். அவள் திரும்பி இறக்கி, இன்ஜினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னாள்: “மேல ஏதாவது ஆயிருந்தா, பக்கத்துல இருக்கிறது ஒண்ணும் தெரியாத ஆளுன்னு நினைச்சுத்தான் நான் முடிவெடுத்திருப்பேன். தப்பா எடுத்திருப்பேன். இந்த ரெண்டு சீட்டுல யாரும் யாருக்கும் பொய் சொல்லக் கூடாது.”

மார்ச் 16

முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது?

மார்ச் 17

அவளுக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஐந்து வரி. சாக்குப்போக்கு எதுவும் இல்லை. நீங்கள் சொன்னது சரி, நான் செய்தது தப்பு, கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த பதினான்கு வருஷத்தில் இப்படி ஒருவர் என்னை ஏமாற்றியிருந்தால் நான் இன்னும் காட்டமாகப் பேசியிருப்பேன் என்று. வேலை கேட்கவில்லை. கேட்கிற முகமும் இல்லை.

மார்ச் 18

பெரிய பள்ளிக்கு வேண்டாம் என்று எழுதிப் போட்டுவிட்டேன்.

வீட்டுக்காரர் மாவுக் கையோடு நின்று, “எனக்கு வயித்தப் புரட்டினதுக்காகவா இத்தனை பெரிய இடத்த விடுற?” என்றார்.

“உங்களுக்காக இல்ல. நாளைக்கு அந்த சீட்டுல நான் இருப்பேன். மத்த அத்தனை பேரும் கடிகாரத்தப் பாக்கிற இடத்துல எத்தனை நாளைக்கு நான் மட்டும் பாக்காம இருப்பேன்? ஒரு நாள் யாரோ ‘போதும்’பாங்க. நான் கடிகாரத்தப் பாப்பேன்.”

“நீ பாக்க மாட்ட.”

“பாப்பேங்க. எனக்கு என்னைத் தெரியும்.”

மாவுக் கையைத் துடைத்துக்கொண்டார். அப்புறம், “சரி, அப்ப அந்த மீன் கேக்கை மட்டும் திருப்பித் தர மாட்டோம்” என்றார். இனி எங்கே வேலை தேடுவது என்று தெரியவில்லை. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும், இன்றைக்கு என்னை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. கையில் வேலையில்லாத ஒருத்திக்கு இது கொஞ்சம் அதிகம்தான்.

மார்ச் 20

சின்னப் பள்ளியிலிருந்து போன். “சனிக்கிழமை எட்டு மணிக்கு வர முடியுமா? இந்தத் தடவை நீங்க யாரோ அதுவாவே வாங்க.” அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

மார்ச் 22

 சந்தோஷப்படுவதா, வெட்கப்படுவதா?

இன்று அவள் மாணவி, நான் பயிற்சியாளர். வேண்டுமென்றே தப்புத் தப்பாக ஓட்டுவாள், நான் எப்போது விடுகிறேன், எப்போது பிடிக்கிறேன் என்று பார்ப்பாள். ஒரு மணி நேரம் பொறுமையாக இருந்தேன். உயரத்தை விட்டாள், பேச்சால் திருத்தினேன். திசையை விட்டாள், அவளாகவே கண்டுபிடிக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். மேடம் மேடம் என்று மரியாதைக்கும் குறைச்சலில்லை. நாளைக்கு முதலாளியாகப் போகிறவள் அல்லவா.

கடைசியில் இறங்கும்போதுதான் விஷயம். மூக்கை மேலே தூக்கிக்கொண்டே வந்தாள். வேகம் விழுகிறது, இன்னும் குறைந்தால் விமானம் கல்லாக விழுந்துவிடும். தரைக்கு இருநூறு அடி இருக்கும். கட்டுப்பாடு என்னிடம் என்று முறைப்படி சொல்லிப் பிடித்தேன். அவள் விடவில்லை! பயத்தில் இறுக்கிப் பிடித்துக்கொள்கிற மாணவி மாதிரி இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்திருந்தாள். திரும்பவும் சொன்னேன். விடவில்லை.

அடுத்த நொடி என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

“கைய எடுடி!”

அடிவயிற்றிலிருந்து வந்தது. நடுரோட்டில் பிரேக்குக்குப் பதில் வேறு எதையோ மிதித்த எத்தனையோ பேரிடம் போட்ட அதே அதட்டல். அவள் கை இரண்டும் காதுவரை மேலே போய்விட்டது. நான் மூக்கை இறக்கி, முழு வேகம் கொடுத்து, மேலே ஏற்றினேன். ஏறி நிதானத்துக்கு வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பதே எனக்கு உறைத்தது. வேலை கேட்டு வந்த இடத்தில், தலைமைப் பயிற்சியாளரை, ‘டி’.

இறங்கிக் கொட்டகைக்கு நடந்தோம். கதவருகில் நின்றாள்.

“என்னை எங்கம்மாகூட ‘டி’ போட்டு ஆறு வருஷமாச்சு.”

“மேடம், தெரியாம…”

“மாணவங்ககிட்ட ‘டி’ வேண்டாம். ‘கைய எடு’ மட்டும் போதும்.” சொல்லிக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தாள். “இதுவரைக்கும் வந்த மூணு பேருமே அந்த இடத்துல எங்கிட்ட கெஞ்சிக்கிட்டிருந்தாங்க. நான்தான் பயந்து விட்டுக்கொடுத்தேன். ஒண்ணாந்தேதி ஏழு மணிக்கு வந்துடுங்கக்கா.”

அக்கா! வீட்டுக்கு வந்து சொன்னபோது வீட்டுக்காரர் என் மகளைப் பார்த்து, “உங்கம்மா உலகத்துலயே முதல் ஆளு, முதலாளியத் திட்டி வேலை வாங்கியிருக்கா” என்றார். இருக்கட்டும். பெரிய பள்ளியில் பறப்பதில் பாதிகூட இங்கே கிடைக்காது. இரண்டு விமானத்துக்கு நாங்கள் நாலு பேர். எனக்குக் கவலையில்லை.

மார்ச் 31

டிரைவிங் ஸ்கூலில் கடைசி நாள். புதிதாக வந்த பெண்ணுக்கு என் பக்கத்து பிரேக்கைக் காட்டி, “இது இருக்குன்னு மறந்துட்டா நல்ல டீச்சர் ஆயிடுவீங்க” என்று பெரிய மனுஷித்தனமாக ஒன்று சொன்னேன். அவள் எழுதிவைத்துக்கொண்டாள், பாவம்.

மே 27

என் மாணவிகளில் அச்சகத்தில் வேலை பார்க்கிற பெண் ஒருத்தி. இன்றைக்குப் பாதியில் ‘போதும்’ என்றாள். திரும்பிவிட்டோம். பலகையில் அவளே எழுதினாள்.

ஜூலை 19

அந்த அச்சகப் பெண்ணை இன்று தனியாக அனுப்பினேன்.

காலையில் மூன்று தடவை சேர்ந்து இறங்கினோம். மூன்றிலும் நான் ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. பிறகு ஓரமாக நிறுத்தச் சொல்லி, பெல்ட்டைக் கழற்றினேன். “ஒரே ஒரு சுத்து. போயிட்டு வா” என்றேன். என்னைப் பார்த்து ஏதோ கேட்க வாயைத் திறந்தாள். நான் கதவைச் சாத்திவிட்டேன்.

புல்லில் நின்றேன். பதினோரு நிமிடம். ஆள் ஒருத்தி குறைந்ததில் விமானம் லேசாகிச் சட்டென்று எழும்பிவிட்டது, அதைச் சொல்லி அனுப்ப மறந்துவிட்டேனோ என்று நேற்றைய பாடத்தை மனசில் ஓட்டிப் பார்த்தேன். இல்லை, சொல்லியிருந்தேன், நேற்றே. இரண்டாவது திருப்பம் கொஞ்சம் அகலம். பரவாயில்லை. இறங்கும்போது ஒரு சின்னத் துள்ளல். அதுவும் பரவாயில்லை, நான் இன்றும் துள்ளுகிறேன். தலைமைப் பயிற்சியாளர் பக்கத்தில் வந்து நின்றாள், என் தோளில் கையைப் போட்டாள். எட்டாமல் எட்டிப் போட்டாள்.

இன்ஜின் நின்றதும் அந்தப் பெண் குதித்து இறங்கி ஓடிவந்தாள். கட்டிப்பிடிப்பாள் என்று நினைத்து நான் கையை விரித்துக்கொண்டு நின்றேன். அவள் என்னைத் தாண்டிக் கொட்டகைக்குள் ஓடிவிட்டாள், போன் பைக்குள் இருந்ததாம். வெளியே வரைக்கும் கேட்டது.

“அம்மா, நான் மட்டும்மா! தனியா! பக்கத்துல யாருமே இல்லம்மா! யாருமே இல்ல!”

விரித்த கையோடு நின்று நான் அழுதுவிட்டேன்.