ரொட்டி வண்டி வழியில் போன வாத்தியார்

என் மொட்டைக்கு அம்மா எழுதுவது. நான் நலம். வழக்கத்துக்கு எழுதுகிற நலம் இல்லை, இந்த வாரம் நிஜமாகவே நலம், வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய், இருமல் போனதா, வார்டில் உன்னிடம் கத்திக்கொண்டே இருக்கும் அந்தப் பெரிய நர்ஸ் இன்னும் கத்துகிறாளா? இதையெல்லாம் போனில் சொல்லலாம், ஆனால் நீ குறுக்கே பேசுவாய். போன வாரம் அப்படித்தான், "அம்மா, நர்சிங்கும் வேணாம் ஒண்ணும் வேணாம், மாசக் கடைசிக்குள்ள காலேஜ்ல எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன், நீ தனியா கஷ்டப்படாத" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அதற்குப் பதில்தான் இது, கடைசி வரை படி, நடுவில் போனை எடுக்காதே.

உண்மையைச் சொல்கிறேன், நீ அப்படிச் சொன்னபோது எனக்குப் பாதி சந்தோஷமாகத்தான் இருந்தது. உன் அப்பா போய், அவர் ஓட்டிய ரொட்டி வண்டியும் பேக்கரிக்கே திரும்பிப் போய், வீட்டில் நானும் சுவரும்தான். சலவைக் கடையில் சேர்ந்தேன், ஒரே இடத்தில் நின்று இஸ்திரி போட என் காலுக்குத் தெரியவில்லை. மருந்துக் கிடங்கில் பெட்டி கட்டினேன், பேச்சு அதிகம் என்று அனுப்பிவிட்டார்கள். பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணி, "காத்திரும்மா, ஆண்டவர் வழி காட்டுவார்" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது, பஸ்ஸுக்கே காத்திருக்காமல் நடந்து போகிறவள் நான். உன் போன் வந்த அன்றைக்கு ஆண்டவரிடம் நேராகவே கேட்டுவிட்டேன், மண்டியிடக்கூட இல்லை, பாத்திரம் கழுவிக்கொண்டே. அவரை எடுத்துக்கொண்டீர், எனக்கு அது இன்னும் பிடிக்கவில்லை, அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். இப்போது இவன் படிப்பும் போகப் பார்க்கிறது. பள்ளிக்கூடத்தை விட்டு ஓடினவள் இந்த வீட்டுக்கு ஒருத்தி போதும், இவன் வயதில் நான் இவனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு ஒரு வேலை கொடும், எந்தப் பக்கம் போவது என்று என் மர மண்டைக்கு ஏறுகிற மாதிரி காட்டும், சாடையாகச் சொன்னால் புரியாது. அவ்வளவுதான் ஜெபம், ஆமென் சொன்னேனா என்றுகூட ஞாபகம் இல்லை.

வியாழக்கிழமை நம் சபையில் ஓர் அடக்கம். யார் தெரியுமா, பள்ளியில் எனக்குக் கணக்கு எடுத்த வாத்தியார், திடீரென்று தூக்கத்திலேயே போய்விட்டார். நான் காபி கொடுக்கப் போயிருந்தேன். பெட்டியை ஏற்றியாகிவிட்டது, சபையின் சவ வண்டியை ஓட்டும் ஆமை அண்ணன் படியில் கால் பிசகி உட்கார்ந்துவிட்டார், கணுக்கால் பூசணி மாதிரி வீங்கிவிட்டது. பெரிய வண்டி ஓட்டத் தெரிந்தவர் யார் என்று பாஸ்டர் கேட்கிறார், கோட்டுப் போட்ட ஆண்கள் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். நான் காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சாவியைக் கேட்டேன். சபைச் செயலாளர் மாமா, "ஏம்மா, பொம்பள ஓட்டுற வண்டியா இது?" என்றார். "ஏன் மாமா, உள்ள இருக்கறவர் இறங்கிடுவாரா?" என்றேன். வாத்தியார் வீட்டம்மா, "அவளே ஓட்டட்டும், நேரமாகுது" என்று சொல்லி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

ஏறினால், அச்சு அசல் அப்பாவின் ரொட்டி வண்டி. அதே கியர், அதே அடம் பிடிக்கிற கிளச். அப்பாவுக்கு முதுகு பிடித்த நாளெல்லாம் நான்தானே கடை கடையாக ரொட்டி போட்டேன். பின்னால் வால் மாதிரி கார்கள். கடைசி பெஞ்சில் என்னை உட்கார வைத்தவர் இப்போது எனக்குப் பின்னால் வருகிறார் என்று ஒரு நினைப்பு வந்து உதட்டைக் கடித்துக்கொண்டேன். கல்லறைக்குப் பாலம் தாண்டி நேராகப் போக வேண்டும். எனக்கோ அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வருகிற மாதிரியே இருந்தது, கை தானாக இடது பக்கம் திருப்பி, சந்துக்குள் விட்டு, மூலைக் கடை வாசலில் நிறுத்தி, ரெண்டு தரம் ஹாரனும் அடித்துவிட்டது. ரொட்டி வந்தாச்சு என்று அப்பா அடிப்பாரே, அதே ஹாரன். மொத்த ஊர்வலமும் பின்னால் வந்து சந்தில் சொருகிக்கொண்டது. கடைக்காரர் காலித் தட்டோடு ஓடி வந்து பழக்கத்தில் பின்கதவைத் திறந்துவிட்டார்.

அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும் மொட்டை! ரொட்டி இருக்கிற இடத்தில் பெட்டி, பூ, மேலே வாத்தியாரின் படம். தட்டு விழுந்து சந்தெல்லாம் அதிர்ந்தது. "ஐயோ, நம்ம வாத்தியாரா! ரெண்டு நாளா ஆளக் காணோமேன்னு அவரோட கிரீம் பன்ன எடுத்து வெச்சிருக்கேனே" என்றார். முன் சீட்டில் வாத்தியார் வீட்டம்மா மெதுவாகத் திரும்பி, "அவரோடதா?" என்றார். "தினமும் ரெண்டும்மா, வாக்கிங் வர்றப்ப." வாத்தியாருக்குச் சர்க்கரை, அந்த அம்மா காபியில்கூட இனிப்பைக் காட்டியதில்லை. "வாக்கிங் போயும் சர்க்கரை இறங்கலியேன்னு டாக்டர் டாக்டரா மாத்தினேனே, இந்த மனுஷன் இங்க வந்து பன் தின்னுட்டு இருந்திருக்காரு!" என்றார். அப்புறம் சிரித்தார் பார், முன்னால் இருந்த பலகையில் அடித்து அடித்துச் சிரித்தார். நானும் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரித்தேன், அப்பா போன பிறகு முதல் தடவை. சிரிப்பு எப்போது அழுகையானது என்று எங்கள் ரெண்டு பேருக்குமே தெரியாது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் வீட்டுக்காரர் எப்பவும் நிறுத்தற இடமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப கொஞ்சம் நின்னுட்டே போகலாம், இவருக்கு ஒண்ணும் அவசரம் இல்ல" என்றார்.

கார்களை எல்லாம் சந்திலிருந்து ரிவர்ஸ் எடுக்க வைத்தது தனிக் கூத்து. செயலாளர் மாமா வியர்த்து ஊற்ற, "இனிமே நீ சாவியத் தொடக் கூடாது" என்றார். கல்லறை வாசலில் எல்லார் முன்னாலும் அந்த அம்மா, "நான் போறப்பவும் இவதான் ஓட்டணும், இப்பவே சொல்லிட்டேன்" என்றார். ஆமை அண்ணனும் வயதாகிவிட்டது, விட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார். நேற்று கமிட்டி கூடி எனக்கே கொடுத்துவிட்டது, காலையும் மாலையும் சபையின் பாலர் பள்ளி வேன், தேவைப்பட்டால் சவ வண்டி, மாதச் சம்பளம். பாஸ்டர் தனியாகக் கூப்பிட்டு, "எந்த வண்டியில யாரு இருக்காங்கன்னு பார்த்துட்டுக் கிளம்பும்மா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லச் சொல்கிறார்கள், ஆண்டவர் வழி நடத்தினார் என்று. எனக்கு அழகாகச் சொல்ல வராது. வழி தப்பிப் போனது நான். போய்ச் சேர்ந்தால், எனக்கு முன்னாலேயே அவர் அங்கே வந்து நின்றிருக்கிறார், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அப்பாவை ஏன் எடுத்தீர் என்பதற்கு மட்டும் இன்னும் பதில் இல்லை, கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன், அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஆகவே நீ வராதே. எனக்காக வருகிறேன் என்கிறாய், அங்கே அப்பாவை நினைத்து அழ உனக்கு ஆள் இல்லை என்பதும் ஒரு காரணம், எனக்குத் தெரியாதா? அழுடா. அங்கே ஞாயிறு ஜெபக் கூட்டத்தில் யாராவது ஒருத்தரிடம் சொல்லி அழு, எனக்குப் போன் பண்ணி அழு, நான் குறுக்கே பேச மாட்டேன். அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வார்டுக்குப் போ.

ஆண்டவர் உன்னைக் கண்ணின் மணி மாதிரி பார்த்துக்கொள்வாராக, உன் கையால் தொடுகிற நோயாளிக்கெல்லாம் சுகம் கிடைக்கட்டும். காலேஜில் எதையாவது எழுதிக் கொடுத்துத் தொலைத்திருந்தால் நாளைக்கே போய்த் திரும்ப வாங்கு, போர்வையைத் துவை. லீவுக்கு வா, ஸ்டேஷனுக்கு நானே வண்டி எடுத்து வருகிறேன். முன் சீட்டில்தான் உட்கார வேண்டும், பின்னால் ஏற உனக்கு இன்னும் ரொம்ப வருஷம் இருக்கிறது.

முத்தங்களுடன்,
உன்னைப் படிக்க வைக்கப் போகும்
டிரைவர் அம்மா